பூட்டி வைத்த சின்னச் சக்கரம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மேடு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. தோப்பும்படிப் பாலத்தில் ஏறுவதைத்தான் நாங்கள் ஏற்றம் என்போம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மலையேறும் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

சிரிக்கட்டும். எனக்கு ஒரு வீம்பு இருந்தது. எங்கள் பெண்கள் சைக்கிள் குழு வருடத்துக்கு ஒருமுறை வாகமண் மலைக்குப் போகும். முதல் தடவை இரவல் சைக்கிளில் போனேன். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டி இறங்கி, பின்னால் வந்த ஜீப்பில் தண்ணீர் கேன்களுக்கும் சோற்றுப் பொதிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். மேலே நின்றவர்கள் எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அடுத்த தடவை என் காலாலேயே ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்றில் பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம், டபுள். இன்னொன்றில் மூன்று, டிரிபிள். மூன்றாவதாக உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் கடுமையான ஏற்றத்துக்கென்றே உள்ளது. அதில் செயினைப் போட்டால் வண்டி மெதுவாகத்தான் நகரும், ஆனால் மிதிக்க லேசாக இருக்கும்.

"டபுள் போதும். நம்ம ஊர்ல அந்தச் சின்னதுக்கு என்ன ஜோலி? வெறுதே ஒரு பாரம்," என்றார் கணவர். வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கியர் விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு.

"அப்போ உங்க லாரியில ஃபர்ஸ்ட் கியரைக் கழட்டி வீட்ல வெச்சிட்டுப் போங்களேன்," என்றேன்.

கடைக்காரரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. சாயா குடிக்கும்போதும் சோறு தின்னும்போதும் டபுளா டிரிபிளா என்று ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். டிரிபிள் வீட்டுக்கு வந்தது.

வாங்கிய வாரமே, பழகிப் பார்ப்போமே என்று பாலத்தில் சின்னச் சக்கரத்துக்கு மாற்றினேன். செயின் கழன்று உள்பக்கம் விழுந்துவிட்டது. கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக வேலைக்குப் போய் நின்றேன். அன்று சாயங்காலம் அவர் ஸ்க்ரூடிரைவரோடு சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரியாக்கிட்டேன். இனி விழாது," என்றார். உண்மையாகவே அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. நம் ஊர் ரோட்டுக்கு நடுச் சக்கரமே போதும் என்பதால் சின்னதை நான் அப்புறம் தொடவும் இல்லை. குழுவில் எல்லோரிடமும் அவர் கைவேலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருடம் அவரே லீவு போட்டு, குழுவின் ஜீப்பை ஓட்ட வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈராட்டுப்பேட்டை வரை வண்டியில் போய், அங்கிருந்து சைக்கிளில் கிளம்பினோம். தீக்கோய் தாண்டியதும் ஏற்றம் பிடித்தது. வேளை வந்துவிட்டது என்று இடது கை லீவரை அழுத்தினேன். டக்கென்று சத்தம் கேட்டது. செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி. ஒன்றும் நடக்கவில்லை. முட்டி தெறித்துவிடும் போல நடுச் சக்கரத்திலேயே இரண்டு வளைவு மிதித்தேன். அடுத்த வளைவில் வண்டி நின்றே போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜீப் பின்னால் வந்து நின்றது. "சாரமில்ல, பரவால்ல, ஏறிக்கோ," என்று கணவர் கதவைத் திறந்து வைத்தார்.

குழுவில் ஒரு மலையாளச் சேச்சி உண்டு, கருவிப் பை எப்போதும் அவரிடம்தான். குனிந்து செயினைப் பார்த்தார். "துரு ஒந்நும் அல்ல மோளே. ஈ ஸ்க்ரூ ஆரோ முழுக்க முறுக்கி வெச்சிருக்கு. செயின் சின்னதுக்கு இறங்கவே இறங்காது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

"நான்தானே முறுக்கினேன்! செயின் விழாம இருக்கட்டும்னு. நீ நெசமாவே இங்க வரைக்கும் வருவேன்னு ஆரு நெனச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதம் சண்டை போட்டு நான் ஜெயித்த வழக்கு அது. தோற்ற மனிதர் ஒரே வாரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டிரிபிளை டபுளாக்கி என் கையில் கொடுத்துவிட்டார். தினமும் விடிகாலையில் நான் பாலத்தில் ஏறி இறங்கிப் பழகியதை இவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? அப்போதும் இவள் எங்கே மலைக்குப் போகப் போகிறாள் என்றே இருந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். பிரியமாகச் செய்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சேச்சி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினார். லீவரை அழுத்தினேன். செயின் வழுக்கிக்கொண்டு சின்னச் சக்கரத்தில் உட்கார்ந்தது. அவ்வளவு எளிது. திறந்திருந்த ஜீப் கதவை நானே சாத்திவிட்டு சைக்கிளில் ஏறினேன். அதற்கப்புறம் நான் போன வேகத்தில் ரோட்டில் நடந்துபோன ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். போகட்டும். ஒரு வளைவிலும் கால் ஊன்றவில்லை. பின்னால் ஜீப் முதல் கியரில் உறுமிக்கொண்டே வந்தது.

மேலே எல்லோரும் கைதட்டினார்கள். கணவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "என் பொண்டாட்டியாக்கும்!" என்று சாயாக்கடைக்காரரிடம் வரை சொன்னார். எனக்கும் மனசு இளகித்தான் போயிற்று.

பிறகு அவர் சேச்சியிடம் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு என் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தம் முடிஞ்சுதில்ல? பழையபடி முறுக்கிடட்டா? ஊருக்குப் போனா செயின் விழும்."

கீழே வளைவில்கூட நான் இப்படி அதிர்ந்து போகவில்லை. அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டேன். என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நிஜமாகவே புரியாமல் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.