என் தம்பியின் கவுன்சிலர் அக்கா

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் சமைத்துக்கொண்டு நின்றபோது இங்கிலாந்திலிருந்து தம்பி சுதன் தொலைபேசி எடுத்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுப்பான். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றான். பிறகு விம்மல்தான் கேட்டது.

"எந்த அக்காவடா? உன்ர அக்கா நான் இஞ்சை நிக்கிறன்" என்றேன். அங்கே அவனை வளர்த்த தவமணியைத்தான் சொல்கிறான் என்று எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. விளங்கியும் அப்படித்தான் கேட்டேன். அதைக் கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தாராம். மூளைக்குள் இரத்தம் கசிந்ததாம். வைத்தியசாலையில் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். தவமணிக்கு என் வயதுதான். நாற்பதைக்கூட எட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று தம்பி கேட்டான். செல்வி தவமணி அவர்கள் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி சபையின், அதாவது மாவட்ட சபையின், உறுப்பினராக இருந்தவர். அவருடைய நற்குணங்களை இந்த மலரில் பலரும் எழுதுவார்கள். நான் எழுதப்போவதும் நற்குணங்களைத்தான். ஆனால் அவை ஒவ்வொன்றாக என் வயிற்றை எரித்த கதையாகத்தான் எனக்கு எழுத வரும். அவரை நன்கு அறிந்தவர்கள் இதைக் குறையாக எடுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரே வகுப்பில் படித்தோம். விவாதப் போட்டி என்றால் என்னைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். தவமணிக்கு மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கீழே முதல் வரிசையில் இருந்துகொண்டு எனக்குக் கை தட்டுவார். எங்கள் இருவரில் ஒருத்தி ஒருநாள் தேர்தலில் நின்று வெல்லுவாள் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால், அது நான்தான் என்று முழுப் பள்ளிக்கூடமும் சொல்லியிருக்கும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எண்பத்தைந்தில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மூன்று பேர் சேர்ந்து வந்தோம்: நான், தவமணி, பதினான்கு வயதுச் சுதன். கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, கடைசியில் மேற்கு ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தோம். லண்டனில் தவமணிக்கு ஒரு மாமா இருந்தார். அவர் மூலமாக மூவரும் இங்கிலாந்துக்குப் போக ஒழுங்கு சரிவந்த நேரம் பார்த்து எனக்குச் செங்கமாரி பிடித்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி வைத்தியசாலையில் கிடந்தேன். பயணத்தைத் தள்ளிப்போட ஏலாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான்.

"இவனைக் கூட்டிக்கொண்டு போம் தவமணி. நான் சுகமானதும் வாறன்" என்றேன்.

"நீர் வருமட்டும் நான் பாக்கிறன், மலர்" என்றார் அவர்.

நான் சுகமானேன், போகத்தான் முடியவில்லை. அந்தப் பாதை அடைபட்டுப்போனது. என் வழக்கு வருடக் கணக்கில் இழுபட்டது. டார்ம்ஸ்டாட்டைவிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போவதற்கே அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் குரல்மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலில் அது உடைந்தது, பிறகு ஆம்பிளைக் குரலாகியது. "தவமணி அக்கா என்ர பள்ளிக்கூடத்துக்கு வந்து ரீச்சரோடை சண்டை பிடிச்சவ." "தவமணி அக்கா அவிக்கிற புட்டு நல்ல மெதுமை." "அக்கா சொன்னா..." என்று தொடங்கினால் அது நான் சொன்னதாக இருக்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்ர புட்டு கல்லோ?" என்று கேட்டேன். "உங்கட புட்டு எனக்கு மறந்து போச்சு அக்கா" என்றான் உண்மையாகவே.

தவமணி ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தார். அதன் முன்னால் இருந்த பெருந்தெருவைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடிக் கடப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. பெற்றோல் அடிக்க வருகிறவர்களை மறித்து, பாதசாரிக் கடவை கேட்டுக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலம் அப்போது தத்தக்க பித்தக்க. ஆனால் மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் கொடுப்பாராம். இப்படி ஊரெல்லாம் முகம் தெரிந்தவராகிப் போக, ஒரு கட்சி அவரைத் தொண்ணூற்று மூன்று மே மாதக் கவுண்டி சபைத் தேர்தலில் வேட்பாளராக நிறுத்தியது. தெரு, பள்ளிக்கூடம், நூலகம் இவற்றைப் பார்க்கிற சபை அது.

இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே இங்கிலாந்தில் வாக்குப் போடலாம், தேர்தலிலும் நிற்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைக்காரன் முன்னொரு காலத்தில் எங்களை ஆண்டதற்கு அது கைமாறாம். ஜேர்மன்காரன் எங்களை ஆளாமல் விட்டது என்னுடைய பிழையா? நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடம் டார்ம்ஸ்டாட்டில் ஒரு வாக்குச்சாவடி. தேர்தலுக்கு முதல்நாள் மேசைகளைத் துடைத்துப் போடுவதும், மறுநாள் சப்பாத்துச் சேற்றைக் கழுவுவதும் நான்தான். இடையில் வரும் அந்தத் தேர்தல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வாக்கு இல்லாத எனக்கு அங்கே அலுவல் இல்லை. விவாத மேடை ஏறிய நான் வாளியோடு நிற்க, நாக்கு ஒட்டுகிற தவமணி வேட்பாளர். எரியாதா?

இதில் என் உதவியும் தேவைப்பட்டதுதான் பெரிய வேடிக்கை. அவருடைய தொகுதியில் கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வாக்காளர் பட்டியல் என்றாலே எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தமிழரின் வீடு தேடி வந்தவர்கள் கையில் வைத்திருந்த பட்டியல்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். கதவைத் திறக்கமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டாரும் சொல்லுக் கேட்கிற மூத்த உறவினர் ஒருவர் ஜேர்மனியில் இருந்தார். "அக்கா, நீங்கள் அவையளோடை கதையுங்கோ. அவை சொன்னால் இவை கேப்பினம்" என்றான் சுதன். ஆக, இங்கிலாந்துத் தேர்தலுக்கு டார்ம்ஸ்டாட்டில் இருந்து, என் தொலைபேசியில், நான் வாக்குக் கேட்டேன்.

பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் இருந்த கந்தையா அண்ணையை இன்றும் மறக்க ஏலாது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அவருடைய தங்கை குடும்பம் தவமணியின் தொகுதியில் இருந்தது.

"பிள்ளை, அவ வெண்டால் எங்கட பிரச்சினையைப் பற்றிப் பேசுவாவோ?"

"இல்லை அண்ணை, அது றோட்டுப் போடுற சபை."

"றோட்டுக்கோ பிள்ளை இவ்வளவு பாடு?"

"பிள்ளையள் அடிபட்டுச் சாகாமல் றோட்டைக் கடக்கிறதுக்கு, அண்ணை."

"சரி, மச்சானுக்குச் சொல்லுறன். அவன் போடாட்டில் அடுத்த கலியாணவீட்டிலை நான் அவனோடை கதைக்கமாட்டன்" என்றார். சொன்னபடி செய்தார். என்னுடைய பேச்சுத் திறமை எல்லாம் இப்படித்தான் தவமணிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் அந்த முறை தோற்றுப்போனார். செய்தி கேட்டதும் என் மனம் குளிர்ந்தது. ஏன் மறைக்க வேண்டும்? தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தேன். அன்று பின்னேரம் தவமணியே தொலைபேசி எடுத்தார். "மலர், உம்மடை ஆக்கள் எல்லாரும் வந்து போட்டவை. என்ர ஆக்கள்தான் காணாமல் போச்சினம்" என்று சொல்லிச் சிரித்தார். தோற்றவரின் சிரிப்பு மாதிரியே இல்லை. குடித்த தேத்தண்ணீர் எனக்குக் கசந்துபோனது.

நான்கு வருடம் கழித்து மறுபடி நின்றார். கடவை இன்னும் வந்திருக்கவில்லை. நானும் மறுபடி தொலைபேசியோடு இருந்தேன். அந்த மே மாதம் பாராளுமன்றத் தேர்தலும் கவுண்டி சபைத் தேர்தலும் ஒரே நாளில் வந்ததால் சனம் திரண்டு வாக்குப் போட்டது. வாக்கெண்ணும் மண்டபத்தில் இருந்து சுதன் கத்தினான்: "வெண்டிட்டா! அக்கா வெண்டிட்டா!" அவனுடைய அந்தச் சந்தோசத்தில் எனக்கு ஒரு பங்கும் இல்லாதது போல இருந்தது.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையின் நறுக்கு ஒன்று தபாலில் வந்தது. தவமணி சேலையோடு படியில் நிற்கிறார், நெஞ்சில் கட்சி நிறத்தில் நாடாப் பூ. பக்கத்தில் சுதன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். 'புதிய கவுன்சிலரும் அவருடைய தம்பியும்' என்று படத்தின் கீழே போட்டிருந்தது. அந்த ஆங்கிலத்தை வாசிக்க எனக்கு ஒருவருடைய உதவியும் தேவைப்படவில்லை.

நான் வாயைத் திறக்க முதலே தவமணி தொலைபேசி எடுத்துவிட்டார். "மலர், பேப்பர்காரன் பிழையா எழுதிப்போட்டான். திருத்தச் சொல்லட்டோ?"

வேறு யாராவது என்றால் 'பரவாயில்லை, விடும்' என்றிருப்பார்கள். நான், "ஓம், திருத்தச் சொல்லும்" என்றேன்.

திருத்துவித்தார்! மறுகிழமை நாலு வரி வந்தது: படத்தில் இருப்பவர் கவுன்சிலரின் தம்பி அல்லர், அந்த இளைஞரின் சகோதரி மலர் ஜேர்மனியில் வசிக்கிறார். தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் முதல் கவுன்சிலர் தவமணி செய்த வேலை அதுதான். இவ்வளவு நல்லவராக இருந்தால் ஒரு மனுசி எப்படி நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

அந்தக் கோடையில் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நேரில் கண்டோம். மண்வாரியும் சிவப்பு விளக்கும் வந்து கடவை வேலை தொடங்கியதைச் சின்னப்பிள்ளை போலச் சொன்னார். என் வேலை இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போய் வாக்குச்சாவடியாகும் வகுப்பறையைக் காட்டினேன். சின்னப் பிள்ளைகளின் கதிரையில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"உமக்கு வாக்கும் இருக்கு, சபையிலை கதிரையும் இருக்கு. என்ர தம்பியும் உம்மோடைதான் இருக்கிறான். எனக்கு இந்த வாளி."

தவமணி கோபப்படவில்லை. "கதிரையை அடுத்த தேர்தலிலை சனம் பறிக்கும். அதுக்கு நான் பயப்பிடேல்லை" என்றார். "அவன் நீர் தந்த பிள்ளை. நீர் ஒருநாள் திருப்பிக் கேட்டால் நான் குடுக்கத்தானே வேணும். ஒவ்வொரு ஞாயிறும் அவன் உம்மோடை கதைச்சு முடியுமட்டும் நான் குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு அதைத்தான் யோசிப்பன்."

எனக்கு அது இனிப்பாக இருந்தது. என்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்கமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தரையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் எழும்பிக் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

அதுவே கடைசிச் சந்திப்பு. இந்தச் சாவுக்குப் போக என்னால் முடியவில்லை. புதுப்பிக்கக் கொடுத்த என் பயணப் பத்திரம் அலுவலகத்தில் கிடந்தது. செத்தவீட்டுக்கு இரண்டு நாளுக்கு முன்னர் சுதன் எடுத்தான்.

"அக்கா, ஆர் கொள்ளி வைக்கிறது எண்டு ஐயர் கேக்கிறார். மாமாவும் செத்துப்போனார், அவவுக்கு இப்ப ஒருத்தரும் இல்லை. நான் வைக்கட்டோ? நீங்கள் வேண்டாம் எண்டால் வைக்கமாட்டன்."

கொள்ளி வைத்தால் ஊருக்கும் உலகுக்கும் அவன் தவமணியின் தம்பிதான். இதை எந்தப் பத்திரிகைக்கு எழுதியும் திருத்த முடியாது. 'வேண்டாம்' என்ற சொல் என் தொண்டைவரை வந்தது.

"ஓம், வை" என்றேன். "தலை வழிச்சு, முறையாச் செய். அரைகுறையாச் செய்தாயெண்டால், பிறகு என்னோடை கதையாதை."

செத்தவீட்டன்று வேலைக்குப் போகவில்லை. அங்கே தகனம் நடக்கும் நேரத்துக்கு இங்கே உடன்பிறந்தவளுக்கு முழுகுவதைப் போலத் தலை முழுகினேன். ஈரக் கூந்தலோடு கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

தவமணி, எனக்கு இப்போதும் பொறாமைதான். அவன் எனக்காக இப்படி அழுவானோ என்றுகூட யோசித்தேன். இருந்தாலும் அவனை நான் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் தம்பியின் கையால்தான் போகிறீர். போய் வாரும்.