படநோட்டும் பொம்பளை வேஷமும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே என் கையில் பென்சிலைக் கண்டால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். அம்மா உலக்கையைக்கூட மெதுவாகப் போடுவாள். நான் ஏதோ சர்க்கார் காரியம் எழுதுகிறேன் என்று நைனாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நான் எழுதிக்கொண்டிருந்ததோ எங்கள் வீட்டு எருமையை. எங்கள் பக்கத்தில் படத்தையும் எழுதுவதுதான் வழக்கம் என்பதால் இந்தக் குழப்பம் வெகு நாள் நீடித்தது.

தாலுக்கா ஆபீசில் எனக்குத் தற்காலிக வேலை. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து நாள் முழுக்க நகல் எடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடு இழுக்க அங்கே அனுமதி கிடையாது. இழுக்காமல் விட்ட கோடுகளையெல்லாம் வீட்டுக்கு வந்து என் நோட்டில் இழுத்தேன். யுத்த காலம், நல்ல தாள் திருத்தணிக் கடைத்தெருவில் கண்ணில் படாது. பொட்டலம் மடிக்கிற பழுப்புத் தாளைக் கடலைக்கடையில் கேட்டு வாங்கிக் கோணி ஊசியால் தைத்த நோட்டு அது. கறுப்புக்கு அடுப்புக்கரி, சிவப்புக்கு மஞ்சளும் வெற்றிலைச் சுண்ணாம்பும். இப்படியாகக் கலை வளர்ந்தது.

ஒருநாள் நைனா எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது?"

"எருமை, நைனா."

"எருமைன்னு தெரியுது. அதத்தான் தெனம் நான் மேய்ச்சிகினு கீறேனே. அத எழுதறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கனகம்மாசத்திரத்தில் பெண் பார்க்கப் போனோம். கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் போய் இறங்கியபோது மாப்பிள்ளையும் பஸ்ஸும் ஒரே நிறம். படித்த பையன் அடக்கமாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்ததால் நான் தலையை நிமிர்த்தவே இல்லை. யாரோ பெண்ணைப் பாடச் சொன்னார்கள். "வராத பாட்ட எப்டிப் பாடறது?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு அது போதும். கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்து, தரையைப் பார்த்தபடியே சரி என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் அக்கா புருஷர் என்னைப் புகழ வேண்டும் என்று நினைத்தார். பாவா நகரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. "மா பாமர்தி பொம்மலு பாக வேஸ்தாடு" என்றார். என் மச்சான் படம் நன்றாகப் போடுவான் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தெலுங்கு தெரியாதவர் கிடையாது. எவ்வளவு தெரியும் என்றுதான் கேட்கக் கூடாது. பெண்ணின் அப்பா முகம் சட்டென்று சுருங்கியது. அந்த வாரமே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "படிச்ச புள்ளன்னு நெனச்சோம். பொம்பள வேசம் கட்டறவனுக்கு எங்க பொண்ணு இல்ல."

பொம்மலு வேஸ்தாடு என்பது, தெருக்கூத்துப் பார்த்துப் பழகிய காதில், பொம்பளை வேஷமாகப் போய் விழுந்திருக்கிறது.

"சேலை கட்டிகினு ஆடறியாடா நீ?" என்றார் நைனா.

"இல்ல நைனா!"

"அப்ப அவுரு எதுக்குச் சொல்றாரு?"

பாவாவுக்கு என் கல்யாணம் போனதில் வருத்தமில்லை. தன் தெலுங்குக்கு நேர்ந்த அவமானம்தான் பெரிதாக இருந்தது. "நான் சுத்தமாத்தான் சொன்னேன், மாமா. அவுரு காதுக்குள்ள கூத்து நடக்குதுன்னா நான் இன்னா பண்றது?"

அடுத்த கிருத்திகைக்கு மலைக்கு வந்த பெண்ணின் அப்பாவை நைனா அடிவாரத்தில் மடக்கி வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. கண் கொடிக்கயிற்றில் சேலையைத் தேடியது. மூலையில் பொய்முடியைத் தேடியது. நான் நோட்டை அவர் கையில் வைத்தேன்.

புரட்டினார். எருமை. காவடியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் மூச்சு வாங்குகிறவர். மறுபடி எருமை. அடுத்து, வெறும் கால்களாக ஒரு பக்கம். அன்று அவர் வீட்டில் நான் பார்த்தது அவற்றைத்தானே?

"இது என் காலு. பித்தவெடிப்பக்கூட உடல பாரு" என்றார். அடுத்த தாளில் மருதாணி வைத்த இரண்டு சின்னக் கால்கள். அவர் குரல் மாறியது. "மூஞ்சி எங்க?"

"பாக்கலைங்க."

"பாக்காமயா சரின்னு சொன்ன?"

"ஆங்."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேசம் கட்டறவனா இருந்தாலாவது திருவிழாவுக்கு நாலு பேரு கூப்புடுவான். இதுக்கு யாரு கூப்புடுவா?" என்ற பெண்ணின் அப்பா, அந்தத் தாளை மட்டும் தையலோடு கிழித்து மடியில் செருகிக்கொண்டார். "பொண்ணு கால வேத்தாளு ஊட்ல உட்டுட்டுப் போவ முடியாது."

வேற்றாள் யார் என்று எனக்குப் புரிந்தது. நைனா என்னைத் திட்டக்கூட இல்லை. "போ, போய் எருமைய எழுது" என்றார். அதற்கும் மனம் வரவில்லை. நோட்டு நூல் அவிழ்ந்து பரண்மேல் கிடந்தது.

சில நாள் கழித்து பாவா வந்தார், சேதியோடு. இந்த முறை தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று அக்கா உத்தரவு.

"பொண்ணு அந்தப் படத்தப் பாத்துச்சாம், மாமா."

"இன்னா சொல்லிச்சாம்?" என்றார் நைனா.

"'கொலுசு எங்க? அன்னிக்கின்னு பக்கத்து ஊட்ல இரவல் வாங்கிப் போட்டுகினு நின்னேன், அதப் போயி உட்டுட்டாரே. அடுத்த தபா ஒழுங்கா எழுதச் சொல்லுங்க'ன்னுச்சாம்."

"அடுத்த தபாவா? அடுத்த தபான்னா சொல்லிச்சு?" நைனா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னாடா நின்னுகினு கீற? எங்க அந்த நோட்டு? எட்றா!"

அம்மா உலக்கையை நிறுத்தினாள். வீடு மூச்சை அடக்கிக்கொண்டது. கொலுசு போட்ட கால்களை எழுதினேன். இரவல் கொலுசு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே. நைனா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எருமைக்கு இது தேவல" என்றார்.

என் ஓவியங்களுக்கு இன்றுவரை வந்த ஒரே மதிப்புரை அதுதான்.