நிலை வைத்த நாளில் கொடுத்த துண்டு

கட்டட வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் சாட்சிக்குக் கிடைக்கும். மனிதர்கள்தான் கிடைக்க மாட்டார்கள்.

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ராஜபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடி வீட்டில், கயிறு நைந்துபோன மூங்கில் சாரம் சரிந்தது. இரண்டாவது, கீழே விழுந்த சித்தாள் சன்னாசியைத் தூக்குவதற்கு முன்னால் சாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். மூன்றாவது, அவர் இறந்த பிறகு, அப்படி ஓர் ஆள் வேலைக்கே வரவில்லை என்றார் காண்ட்ராக்டர். நான்காவது, ஆளில்லாத நேரத்தில் கம்பி திருட வந்து விழுந்தவன் என்று போலீஸிலும் பிறகு கோர்ட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

முதல் மூன்றையும் என் வாழ்க்கையில் பல தடவை பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் நோட்டீஸ் அடித்திருக்கிறேன், கூட்டம் போட்டிருக்கிறேன், போலீஸ் வேனில் ஏறியிருக்கிறேன். துண்டுப் பிரசுரம் படித்துத்தான் எனக்கு அரசியலும் வந்தது, தமிழும் வந்தது. சட்டப் படிப்பு அதற்குப் பிறகுதான். ஆனால் செத்தவனைத் திருடன் என்று சொன்னது எனக்கே புதிது.

எது முதலில்

சன்னாசியின் மனைவி பேச்சியம்மாள் கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நான் பாதுகாப்பு விதிகளைச் சொன்னேன், முதலாளிகளின் குணத்தைச் சொன்னேன், நஷ்டஈடு எப்படிக் கேட்பது என்று சொன்னேன். நீங்களும் வக்கீல் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள், வக்கீல் பேச ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நஷ்டஈடு வாரப்ப வரட்டும் சார். பள்ளிக்கூடத்துல எம்மவள 'கம்பிக் களவாணி மக'ங்காங்க. மொதல்ல அத மாத்துங்க."

முன்வரிசைக்காரர்

சாட்சி தேடி வத்திராயிருப்புக்குப் போனேன். கொத்தனார் இசக்கி, சன்னாசியோடு அதே சாரத்தில் நின்றவர். கம்பியைப் பிடித்துத் தொங்கியதால் பிழைத்தார். என் கூட்டம் எதுவானாலும் முன்வரிசையில் இருப்பவர். நான் எழுதிய நோட்டீஸில் பாதி அவருக்கு மனப்பாடம். விஷயத்தைச் சொன்னதும் சாந்து பூசும் கரணையைக் கழுவத் தொடங்கினார். சுத்தமாகிவிட்ட கரணையை மறுபடியும் கழுவினார். பிறகு முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கூட்டத்துக்குக் கூப்பிடுங்க அண்ணாச்சி, எப்பன்னாலும் வாரேன். கோர்ட்டுக்கு வந்தா பொறவு எவன் எனக்கு வேல குடுப்பான்?"

கேண்டீனில்

சாட்சி இல்லாத வழக்கில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், பேசினேன். உழைப்பு, சுரண்டல், மாடி ஏற ஏற மலிவாகும் உயிர் என்று பேசினேன். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் காண்ட்ராக்டரின் வக்கீல் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அதைத் தொடாமல் நின்றேன். அவர் கேலி செய்யவில்லை, அதுதான் இன்னும் உறைத்தது.

"அண்ணாச்சி, நீங்க பேசுனா எனக்கே கை தட்டத் தோணுது. ஆனா ஜட்ஜ் கை தட்ட மாட்டாரு, சாட்சி எங்கன்னுதான் கேப்பாரு."

ஆளுக்கு ஒன்று

அடுத்த வாய்தாவில் கூண்டில் ஏறியவர் அந்த மாடி வீட்டின் சொந்தக்கார அம்மாள் ஜானகி, காண்ட்ராக்டர் தரப்புச் சாட்சி. வேலை செய்தவர்கள் யார் என்றே தனக்குத் தெரியாது, எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார். நானும் ஒரு காலத்தில் சாந்துச்சட்டி சுமந்தவன். வாசலில் நிலை, அதாவது கதவுச் சட்டம், வைக்கும் நாளில் வேலையாட்களுக்குத் துண்டு கொடுப்பார்கள். அன்றைக்கு ஒருவர் மனம் நோகப் போனாலும் அந்த வீடு விளங்காது என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். அதனால் குறுக்கு விசாரணையில் சாரத்தை விட்டுவிட்டு, நிலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஏம்மா, நிலை வச்ச அன்னைக்குக் கொத்தனாருக்கு மட்டும் துண்டக் குடுத்துட்டு, சித்தாளுகள வெறுங்கையோட அனுப்புனீங்களாமே?"

எதிர்த்தரப்பு வக்கீல், வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று எழுந்தார். அந்த அம்மாள் அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவன் சொன்னான்? எங்கையால ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். இசக்கி கொத்தனாருக்கு, காளியம்மாளுக்கு, கூமாப்பட்டி சன்னாசிக்கு..."

அங்கே நின்றுவிட்டார். காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினார். 'சொன்னது தவறு, மறந்துவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. ஆனால் முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"மொத நாள்லேர்ந்து விழுந்த நாள் வரைக்கும் வந்த ஆளுங்கய்யா அவன். துண்டக் குடுத்தேன், தோள்ல போடல, தலையில கட்டிக்கிட்டுச் சட்டி எடுக்கப் போயிட்டான்."

கையெழுத்துக்கு முன்னால்

சாட்சி சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது கோர்ட் வழக்கம். கிளார்க் தாளை எடுத்தார். பின்வரிசையில் இருந்த பேச்சியம்மாள் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன கோர்ட் ஊழியரிடம் மெதுவாகச் சொன்னார்:

"இருக்கட்டும்யா, நின்னே கேக்கேன்."

எத்தனையோ தெருமுனைகளில் என் தொண்டை கிழிந்தும் யார் காதிலும் ஏறாத ஒன்றை, சளி பிடித்த ஒரு கிளார்க் கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே மூச்சில் வாசித்துவிட்டார்: "கூமாப்பட்டி சன்னாசி, சித்தாள்."