ஹபீபா பீவி கேட்ட புத்தகங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் புதுக் கதைப் புத்தகம் ஏதாவது வந்து இறங்கினால், அது தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ளப் பினாங்குச் சூலியா தெருப் பெண்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. ஹபீபா பீவி இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஆண்கள் கடைக்குத் திரும்பியதும் அவள் வீட்டில் பாய் விரியும், வெற்றிலைத் தட்டு நடுவில் வந்து உட்காரும். அந்த வாரத்துக் கதையை அவள் சொல்லுவாள். சொல்லி முடித்த கையோடு தீர்ப்பும் வந்துவிடும். எழுதினவன் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் தொங்கினாலும் அவள் வாயில் விழுந்தால் விழுந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை, ஹபீபா பீவிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. உடனே படிக்காதவள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சின்ன வயதில் அவளுக்கு ஓதிக்கொடுத்த அம்மா, அறபு எழுத்தில் எழுதுகிற தமிழையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருந்தாள். அந்த அறபுத்தமிழில் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று வாசிப்பாள். ஆனால் கொலைக் கதையையும் காதல் கதையையும் அறபுத்தமிழில் அச்சடிக்க எவனுக்குத் துணிச்சல் இருந்தது? ஆகவே அவள் புருஷன் மீரா சாகிப் வாசிப்பார், அவள் கேட்பாள். மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் இடையில், மளிகைக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து, கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாரானால் போலீஸ்காரனுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், சீமாட்டிக்கு ஒரு குரல் என்று மனிதர் வெளுத்து வாங்குவார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பிள்ளை பிறக்கவில்லை என்ற குறைகூட அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு மறந்துபோகும்.

அவளுக்குப் பிடித்தவை துப்பறியும் கதைகள். கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாள். ஆனால் ஏன் கொன்றான் என்பதில்தான் இந்தக் காலத்து எழுத்தாளர்கள் கோட்டை விடுகிறார்கள் என்பது அவள் கட்சி.

"ஒரு பொம்பள சொந்தப் புருஷனுக்குப் பால்ல விஷம் வைக்கிறா. ஏன்னா அவன் சீட்டாடுறானாம். சீட்டாடுறதுக்கெல்லாம் கொல்லுறதுன்னா, இந்தப் பினாங்குல ஒரு ஆம்பள மிஞ்சுவானா லா?" என்று அவள் கேட்டபோது, அடுத்த வீட்டு நோர்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு பாயில் தெறித்தது.

காதல் கதைகளைப் பற்றி அவள் அபிப்பிராயம் இன்னும் மோசம். முதல் பாதி தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் மட்டும் எழுதுகிறவனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. "நேத்து வரைக்கும் பூத்தொடுத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்த புள்ள இன்னைக்கு ஏன் கிணத்துல விழுது? எழுதுனவனுக்கே தெரியல, பாவம்."

கடைசியாக வந்தது ஒரு வியாபாரியின் சுயசரிதை. பாக்கும் மிளகும் ஏற்றி இறக்கி, கடலிலேயே முப்பது வருஷம் கழித்த ஒருவர், தம் வாழ்க்கையைத் தாமே எழுதியிருந்தார். புயலும் காலராவும் கப்பல் சண்டையுமாக அமர்க்களமாகத்தான் போனது. ஹபீபா பீவிக்கு ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒன்று உதைத்தது.

"எங்க பார்த்தாலும் மிளகு. இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியே இல்லையா? முப்பது வருஷமா சோறு யாரு ஆக்கிப் போட்டா?"

மீரா சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாபாரி இல்லையா, புள்ள. வீட்டு விஷயத்த எழுத மாட்டாங்க" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு: பொண்டாட்டியை மறைத்தவன் வேறு எதை மறைக்க மாட்டான், சுயசரிதை எல்லாம் சுத்தப் பொய்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் பின்பக்கக் குடித்தனத்துக்கு யோகலட்சுமி வந்தாள். ரயில்வே கிளார்க்கு விஸ்வலிங்கத்தின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புத்தகம் என்றால் அவளும் உயிரை விடுவாள். முதல் நாள் கிணற்றடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஹபீபா பீவியும் அந்தப் பக்கம் யோகலட்சுமியும் புத்தகப் பேச்சில் இறங்கினார்கள். இரண்டு அடுப்பிலும் சோறு குழைந்துவிட்டது.

"அந்த நஞ்சு வைச்ச கதை நானும் வாசிச்சனான்" என்றாள் யோகலட்சுமி. "பாவம் அந்தப் பொம்பிளை. நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்."

"சீட்டாடுனதுக்கா?"

"ஆர் சீட்டாடினது? அவனுக்கு ரங்கூனிலை இன்னொரு குடும்பம் இருந்ததெல்லோ. பெண்சாதி, பிள்ளையள், எல்லாம். அது தெரியவந்துதானே நஞ்சு வைச்சவள்."

ஹபீபா பீவி சிரித்துவிட்டாள். உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து சுவருக்கு மேலே நீட்டினாள். வேறு புத்தகமாகத்தான் இருக்கும். யோகலட்சுமி புரட்டினாள். இதே புத்தகம்தான். இதோ இந்தப் பக்கத்தில் ரங்கூன் வீடு. சீட்டுக்கட்டு எங்கேயும் இல்லை.

"அப்போ அந்தக் கிணத்துல குதிச்ச புள்ள?"

"அவளை விரும்பினவன் முதலே கலியாணம் முடிச்சவன் எண்டு கடைசியிலை தெரியவந்தது. உங்களுக்கு ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

ஹபீபா பீவிக்கு முகம் சுண்டியது. இருந்தாலும் புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் கூச்சக்காரர், அசிங்கமான இடங்களைத் தாண்டிப் போயிருப்பார் என்றாள்.

"அப்பிடியெண்டால் தோட்டத்திலை கையைப் பிடிச்சுக் கொஞ்சிற இடத்தையும் விட்டிருப்பாரே."

அந்த இடத்தை மீரா சாகிப் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டதும் இரண்டாவது தடவையும் வாசித்தார். ஹபீபா பீவி குடத்தைக் கிணற்றடியிலேயே மறந்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குப் பிடித்தது ஒரு பரிதவிப்பு. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அரிசியைக் களைந்தாள், களைந்த அரிசியை மறுபடியும் களைந்தாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. முத்தத்தை வாசித்தவர் முதல் மனைவியை ஏன் வாசிக்கவில்லை? யோசிக்காதே என்று மனதை அதட்டினாள். மனம் கேட்டால்தானே? மீரா சாகிப் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாகூருக்குப் போவார். பெற்ற உம்மா இருக்கும் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்பார். ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டே இருந்தார். இதோ அடுத்த கப்பலுக்கும் சீட்டு எடுத்தாயிற்று. அல்லாவே, ஒரு வீட்டுக்கு எத்தனை ஓடு?

அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தச் சுயசரிதையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

யோகலட்சுமி மௌனமாக வாசித்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

"இது வேண்டாம், தங்கச்சி."

"வாசிங்கக்கா."

"நாளைக்குப் பாப்பம்."

"வாசிக்காம நான் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

யோகலட்சுமி வாசித்தாள். *ஊரில் முறையாக மணந்த மனைவி ஒருத்தி இருக்க, பினாங்கிலும் நான் ஒரு குடும்பம் வைத்தேன். அங்கே வியாபாரம் என்பேன், இங்கே நிலத்து வழக்கு என்பேன். இருவரும் என்னை நம்பினார்கள். அவர்கள் நம்பியதுதான் நான் செய்ததிலேயே பெரிய பாவம்.*

ஹபீபா பீவி அழவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தரம். அவளுக்குப் பாடமாகும் வரைக்கும் வாசிக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: இது ஒரு புத்தகம் சொன்னது, இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்க முடியாது. அவர் வாயால் வரட்டும். கப்பல் ஏறுவதற்குள் வந்தாக வேண்டும்.

அவள் காத்திருந்தாள். மீன் குழம்பு வைத்தபோது காத்திருந்தாள், கைலிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கியபோதும் காத்திருந்தாள். அவரோ துறைமுகத்துக் கூலி ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார். உம்மாவுக்கு வாங்கிய போர்வையைப் பற்றிப் பேசினார். கடைசி மாலையும் வந்துவிட்டது. மஃரிப் தொழுதுவிட்டு வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன வாசிக்கட்டும்?"

அவள் சுயசரிதையை விரித்து அவர் முன்னால் வைத்தாள். பக்கம் அடையாளத்துக்கு யோகலட்சுமியின் கொண்டை ஊசி கிடந்தது. "இந்த எடம்."

மீரா சாகிப் பக்கத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். புயலடித்தது. பாய்மரம் முறிந்தது. மிளகு மூட்டைகள் நனைந்தன. மாலுமி ஒருவன் கடலில் விழுந்தான், அவனைக் கயிறு வீசிக் காப்பாற்றினார்கள். குரல் ஏறி இறங்கியது. நெற்றியில் வியர்வை பூத்தது. ஹபீபா பீவி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"எழுதினவன விட நீங்க நல்லாக் கதை கட்டுறீங்க" என்றாள். பிறகு, பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னாள். அங்கே வியாபாரம் என்பேன், இங்கே நிலத்து வழக்கு என்பேன். கடைசி வரி வரைக்கும் சொன்னாள்.

மீரா சாகிப் கையிலிருந்த புத்தகம் மடியில் சரிந்தது.

"அந்த ஊர்ப் பொம்பளைக்குப் பேரு என்ன?"

"அதுல பேரு போடல" என்றார் மெல்ல.

"நான் புத்தகத்துல கேக்கல."

வெளியே ரிக்ஷாக்காரன் ஒருவன் வழி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு போனான். பிட் தெருப் பள்ளிவாசலிலிருந்து இஷா தொழுகைக்கான பாங்கு கேட்டது. மீரா சாகிப் எழுந்திருக்கவில்லை. பாயின் ஓரத்தைத் தடவினார்.

"ஜொகரா நாச்சியா" என்றார்.

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

பிள்ளை இல்லாத வயிற்றில் அது போய்த் தைத்தது. ஹபீபா பீவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கத்த வேண்டும் போலிருந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்விதான்.

"அந்த அம்மாவுக்குத் தமிழெழுத்து வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அறபுத்தமிழ் மட்டுந்தான்."

"அப்போ அங்கயும் கதை வாசிச்சுக் காட்டுறது நீங்கதான்."

மீரா சாகிப் தலையாட்டினார்.

ஒன்பது வருஷம் கேட்ட கதைகள் அத்தனையும், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் இதே குரலில், இதே ஓட்டைகளோடு கேட்டிருக்கிறாள். சீட்டாடினவனைக் கொன்றது அநியாயம் என்று அவளும் யாரிடமாவது தீர்ப்புச் சொல்லியிருப்பாள். அதை நினைத்தபோது ஹபீபா பீவிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்தச் சுயசரிதையைக் கைலிகளுக்கு மேலே, திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

"மொதல்ல இத ஜொகராவுக்கு வாசிச்சுக் காட்டுங்க, ஒரு வரி விடாம. வாசிச்சு முடிச்சீங்கன்னா வாங்க. இல்லன்னா ஓடு மாத்திக்கிட்டு அங்கயே இருங்க" என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.