தவக்காலத்தில் டோலக்

தருமபுரத்தில் எங்கள் வீட்டுப் பிற்பகல்களில் கடற்காற்று வந்து திரைச்சீலையை மெல்லத் தூக்கும். பாதித் தூக்கத்தில் வீடே மிதப்பதுபோல இருக்கும். அண்ணனுக்குக் கோபம் வருவதும் அந்த நேரத்தில்தான். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காதில் கேட்கும் குரல்கள் அவரைத் திட்டினால் அவர் எங்களைத் திட்டுவார், கையில் கிடைத்ததை வீசுவார். கோபத்தைத் தணிக்கும் என்று பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய புல்லாங்குழல் இசையை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். என் போன் சுவரில் மோதிச் சிதறியது. இசை நன்றாக இருந்ததாகச் சித்தப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

இசை சிகிச்சை தரும் பெண் ஒருத்தி சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. "கோபத்தை அமுக்காதீங்கம்மா. அவங்க வேகத்துலயே நாமளும் தட்டணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சா, அவங்களும் கூடவே எறங்கி வருவாங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். அண்ணன் மடியில் டோலக். அவள் எதிரே நாற்காலியைத் தட்டுவாள். அடைமழையாக ஆரம்பித்து, கூரைச் சொட்டாக முடியும். அந்தச் சொட்டில் நானும் தூங்கிப்போவேன். அவ்வளவு சுகம்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டர்வரை வீட்டில் கொட்டுச் சத்தம் கூடாது என்று அம்மா டோலக்கைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணையும் ஈஸ்டர் கழித்து வரச் சொல்லிவிட்டாள். மாத்திரை தவறவில்லை, ஆனாலும் கோபம் திரும்பி வந்தது. ஒருநாள் அம்மாவையே தள்ளிவிட்டார். விழுந்ததில் அவள் மணிக்கட்டு வீங்கியது. பண்டிகை முடிந்ததும் அண்ணனை வெளியூர் மனநல இல்லம் ஒன்றில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளி. கோயில் மணிகூட அடிக்காத நாள். சிலுவைப் பாதை வழிபாட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் கத்தத் தொடங்கினார். அம்மா ஸ்டூல் போட்டுப் பரணுக்கு ஏறினாள்.

"அம்மா, பெரிய வெள்ளிம்மா! தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும்டி. புள்ளையோட மருந்தைத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு நான் என்ன தவம் பண்ணுனேன்?"

டோலக்கை அவர் மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்து, பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அவர் வேகத்துக்கே அடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்து மெல்லக் குறைத்தாள். அவரும் குறைத்தார். வெயிலும் அந்தச் சத்தமும் ஒன்றாகிப்போன மாதிரி இருந்தது, எனக்கு அழுகை வந்தது.

அண்ணன் தலை நிமிர்ந்தார். "கை வலிக்குதாம்மா?"

"வலிக்குதுடா. நீ நிறுத்தாத."

அடித்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்: "அந்த இல்லத்துக்குப் போன் போட்டு, அவன் வரலைன்னு சொல்லிடு."