பன்னிரண்டாம் எண்

எங்கள் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நம்பர்’. நான்கு மாடியில் இருநூற்றுச் சொச்சம் கணினிகள், பிரிண்டர்கள். எதன் ஐபி முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண்ணை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவியின் பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்காது.

ஒருமுறை எக்ஸ்ரே பிரிவின் பிரிண்டருக்கும் மருந்தகத்தின் கணினிக்கும் ஒரே முகவரி விழுந்துவிட்டது. பில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டும் திணறின. "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா?" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை மாற்றினார். அவர் வீட்டிலும் அப்போது இரண்டு கத்திகள் இருந்தன. அவரும் அவர் தம்பியும்.

தம்பி பைக் மெக்கானிக். அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில் இருந்தான். வீட்டு வைஃபை ரூட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் இவர் நிலையாக எழுதி வைத்திருந்தார். தம்பியின் போனுக்குப் பெயர் ‘தம்பி’, எண் பன்னிரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டிலிருந்தே மருத்துவமனை சர்வரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இணைப்பு படுத்துவிட்டது. பார்த்தால், தம்பி பக்கத்து வீட்டுப் பையன்கள் அத்தனை பேருக்கும் பாஸ்வேர்டைத் தாரைவார்த்திருக்கிறான்.

"இனிமே இந்த வீட்ல உனக்கு நம்பர் கிடையாது."

"உன் நம்பர நீயே வச்சுக்கண்ணே."

சண்டை அவ்வளவுதான். வேறு அண்ணன்களாக இருந்தால் இரண்டு திட்டு திட்டியிருப்பார்கள், சாயங்காலம் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். இவர் தொழில் தெரிந்தவராயிற்றே. ஒவ்வொரு போனுக்கும் தயாரிக்கும்போதே பதித்த எண் ஒன்று உண்டு, அது மாறாது. அதை வைத்துத் தம்பியின் போனை ரூட்டரில் தடுத்துவிட்டார். தம்பி பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனான்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவருக்கு ஆடியது. ஆனால் வீம்பு விடவில்லை. அண்ணி கெஞ்சிப் பார்த்தார். "அவனே வரட்டும். ஒரு வார்த்தை கேக்கட்டும். கதவு திறந்துதான இருக்கு" என்றார் இவர். ஒரு ஞாயிறு மாலை டிவி பார்க்கும்போது அண்ணி, "தம்பி பைக் சத்தம் மாதிரி இருக்குங்க" என்றார். "ஊர்ல ஒரே ஒரு பைக்தான் ஓடுதா?" என்று இவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இதை என்னிடம் அவரேதான் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, மழையில் பைக் சறுக்கித் தம்பி போய்விட்டான்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் பட்டறைக்காரர் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருக்கும் படங்களைப் பார்க்க வேண்டுமென்று அண்ணி அதைச் சார்ஜில் போட்டார். உயிர் வந்ததும் போன் தானாகவே பழைய வைஃபையைத் தேடியது, கிடைக்கவில்லை. தடையை எடுக்க இவர் ரூட்டரைத் திறந்தார்.

ஒரு கருவி வீட்டுக்கு அருகில் வந்தாலே போதும். யாரும் தொட வேண்டியதில்லை, ‘எனக்கு ஓர் எண் கொடு’ என்று அதுவாகவே கேட்கும். கொடுத்தாலும் மறுத்தாலும் ரூட்டர் நேரத்தோடு குறித்து வைக்கும். அந்தக் குறிப்பில் வரிவரியாக நின்றது: தம்பி, அனுமதி இல்லை. தம்பி, அனுமதி இல்லை. எல்லாம் ஞாயிறு, எல்லாம் மாலை ஆறு மணிவாக்கில். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் இருபது. கடைசி வரி, விபத்துக்கு முந்தின நாள்.

அவர் வீட்டு வாசல் கேட்டிலிருந்து டிவி இருக்கும் அறைக்குப் பத்தடி இருக்கும். நான் போயிருக்கிறேன்.

இவர் தடையை எடுத்தார். ஒரு நொடியில் போனுக்குப் பன்னிரண்டு கிடைத்துவிட்டது. அவர் அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அண்ணிக்கு இந்த எண் கணக்கெல்லாம் புரியாது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"எத்தன வாட்டிங்க வந்திருக்கான்?"

"இருபத்திமூணு ஞாயிறு."

"அப்பெல்லாம் நாம எங்க போயிருந்தோம்?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருந்தோம்."