குண்டானில் திரண்டது

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: என் வாழ்நாளில் நான் பார்த்தது ஒரே ஒரு பேய், அதையும் நானேதான் செய்தேன், செய்துவிட்டு நானே பயந்தும் போனேன்.

சித்தப்பா ஒரகடத்தில் பஸ்ஸுக்கு ஃபைபர் பாகங்கள் வார்க்கும் பட்டறையில் இருந்தார். வார்த்தது அச்சில் ஒட்டாமலிருக்க அங்கே, காய்ந்தால் மெல்லிய தோலாக உரிந்துவரும் ஒரு பசைக்கரைசலைப் பூசுவார்கள். பார்வைக்கு அசல் தண்ணீர் போலவே இருக்கும். சோப்பு கலந்து ஊதினால் பெரிய பெரிய குமிழி வரும் என்று எனக்குக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். அதைக் குண்டானில் ஊற்றிவைத்து, சோப்பு தேடப் போன நான் வழியில் கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன்.

மறுநாள் அக்கா சுங்குவார்சத்திரம் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். படப்பையில் எங்கள் தெருவே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. விளக்கு வைத்ததும் அம்மா அவளை உட்காரவைத்தாள். ஊர்க்கண் பெரிது என்று இரண்டு கை நிறையக் கல்லுப்பு எடுத்துச் சுற்றி, கைக்கு அகப்பட்ட அந்தக் குண்டானில் போட்டுக் கரண்டியால் கலக்கினாள். உப்பு கரைந்தால் திருஷ்டியும் கரைந்ததாக அர்த்தம்.

உப்பு கரைந்தது. தண்ணீர் கலங்கியது. பிறகு உள்ளே ஏதோ வெளுப்பாகத் திரண்டு கரண்டியைச் சுற்றிக்கொண்டது. அம்மா கரண்டியைத் தூக்கினாள். அதுவும் கூடவே எழுந்து, தோல்போல் நீண்டு, அறுந்து விழுந்தது.

"இன்னாடி இது, எவ கண்ணு இது?" என்றாள் அம்மா.

"நாளைக்கு இவ எங்கயும் போவ வாணாம்," என்றார் அப்பா.

குண்டானில் ஊற்றியது நான்தான். ஆனால் நான் ஊற்றியது தண்ணீர்போல் இருந்தது. இதுவோ பிணத்தின் விரல்போல் இருந்தது. பசைக்குள் ஏற்கெனவே ஒருத்தி படுத்திருந்தாள், உப்பு அவளை எழுப்பிவிட்டது என்று முடிவுகட்டிப் போர்வைக்குள் சுருண்டேன்.

போர்வை இடுக்கில் பார்த்தேன். அடுப்படியில் அக்கா அதை விரலால் தேய்த்து முகர்ந்தாள். என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உப்புநீரை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் கம்பெனி பஸ் அவள் இல்லாமலே போனது.

பேயை வெந்நீரில் கரைத்தவள் பஸ் ஏற ஏன் பயந்தாள் என்பது எனக்குப் புரியவேயில்லை.

உப்பு அதிகமானால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பசைக்குத் தண்ணீர் போதாமல் வெளியே திரளும் என்று பாலிடெக்னிக்கில் படித்த அன்று, அக்காவின் வேலையைக் கெடுத்த பாவம் முழுசாக என் தலையில் இறங்கியது. அதைச் சொல்லத் தைரியம் வர இன்னும் சில வருடம் பிடித்தது. போன தீபாவளிக்கு அவள் வீட்டில் வைத்துச் சொன்னேன்: "உன் வேலைய கெடுத்தது நான்தாங்கா. அன்னிக்கே சொல்லியிருந்தா நீ போயிருப்ப."

"போறேன்னு நான் எப்படா சொன்னேன்?" என்றாள்.